நிமிர்த்தக் கூடாத தாள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டின் பின்னறையில் ஐந்து மாதம் வேலை செய்தேன். காலமான கவிஞர் ஒருவரின் தாள்களைப் பட்டியலிட்டு ஸ்கேன் செய்து கொடுக்கும் வேலை. குடும்பத்தார் விரும்பாததால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு ட்ரங்குப் பெட்டி, இரண்டு பிஸ்கட் டின், ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறி. 1990 இடம்பெயர்வில் அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்களாம். கடற்காற்றில் குண்டூசிகள் எல்லாம் துருவேறி, தாளோடு ஒட்டிப்போயிருந்தன. முதல் இரண்டு கிழமையும் ஊசி கழற்றுவதிலேயே போயிற்று.

அவர் எழுதியவை கான்கிரீட் கவிதைகள். சொல்லின் பொருளோடு, அது தாளில் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடம் விட்டு நிற்கிறது என்பதும் கவிதையாகும் வகை. 1950களில் சுவிற்சர்லாந்தின் ஓய்கன் கோம்ரிங்கரும், பிரேசிலின் சாவோ பாவுலோவில் நொய்காந்திரஸ் குழுவினரும் இதை ஓர் இயக்கமாக்கினார்கள். நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. சக்கர வடிவிலும் பாம்பு வடிவிலும் எழுத்தை அடைத்த சித்திரக்கவிகளுக்குத் தண்டியலங்காரம் இலக்கணமே சொல்லியிருக்கிறது. கோணேசர்மேல் பதிகம் பாடிய சம்பந்தர்தான், பின்னிருந்து வாசித்தாலும் அதே பாட்டு வரும், ‘யாமாமா நீ யாமாமா’ என்று தொடங்கும் மாலைமாற்றையும் பாடினார். ஆனால் சித்திரக்கவிக்குக் கட்டம் முன்பே உண்டு, புலவர் அதை நிரப்புகிறார். இவர் ஒவ்வொரு தாளிலும் கட்டத்தையே புதிதாகத் தேடினார். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் பிழையைச் சொல்கிறேன். ஒரு தாளில் ‘அலை’ என்ற சொல் ஒன்பது வரிக்கு அடிக்கப்பட்டிருக்கும். எட்டாவது வரியில் ஓரிடத்தில் மட்டும் ‘வள்ளம்’. ஸ்கேன் மென்பொருளில் சாய்ந்த பக்கத்தைத் தானாக நிமிர்த்தும் வசதி ஒன்று உண்டு. கடிதங்களுக்காகப் போட்டு வைத்ததை நான் நிறுத்தவில்லை. கவிஞரின் மனைவி பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து திரையைப் பார்த்தார்.

“பிள்ளை, இதை ஆர் நிமித்தினது?”

“அது தானா நிமிர்த்தும், அம்மா.”

“அவர் தாளைச் சரிச்சு வைச்சுத்தான் அடிச்சவர். நான் பக்கத்தில இருந்தனான்.”

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வரியும் இடப்பக்கம் தாழ்ந்து கிடந்தன. நான் அதைத் தாள் பொறிக்குள் கோணலாகப் போன பிசகு என்று எண்ணியிருந்தேன்.

மூன்று நாள் கழித்து, பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு கார்பன் பிரதி வந்தது. அந்தக் கவிதையை அச்சுக்கோத்தவருக்கு எழுதிய கடிதம். அவரும் வரிகளை நேராக்கியிருக்கிறார். கவிஞர் கோபப்படாமல் விளக்குகிறார்: கடல் மட்டமாகத்தான் கிடக்கிறது, பார்ப்பவன் வள்ளத்துக்குள் இருக்கிறான், அவன்தான் சரிகிறான். அச்சகத்தில் ஒரு முறை, என் கணினியில் ஒரு முறை, அந்த வள்ளத்திலிருந்து ஆளை இரண்டு தடவை இறக்கிவிட்டோம். அதுவரை ஸ்கேன் செய்த அத்தனை தாளையும் திரும்ப எடுத்தேன், ஓரம் வெட்டாமல், நிமிர்த்தாமல்.

அதற்குப் பிறகு கடிதங்களைத் தனியே, கவிதைகளைத் தனியே அடுக்குவதை விட்டுவிட்டேன். ஸ்கொட்லாந்தின் கான்கிரீட் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லே (1925–2006) கவிதைகளைக் கல்லிலும் மரத்திலும் செதுக்கச் செய்தவர். கைவினைஞர்களோடும் நண்பர்களோடும் ஓயாமல் கடிதத்தில் பேசியவர். அவருடைய தாள்களில் ஒரு பகுதி இன்று அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் கடிதம் என்பது வாழ்க்கை வரலாற்றுக்கான துணுக்கு அல்ல, கவிதையை எப்படிப் பிடித்துப் பார்ப்பது என்ற குறிப்பு. இரண்டையும் பிரித்தால் இரண்டும் ஊமையாகிவிடும்.

இன்னொரு தாள். ஸ்கேனில் ‘ஓலை’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் வெறுமை. யன்னலுக்கு நேரே பிடித்தபோது சொல்லுக்கு மேலே பதினெட்டுத் துளைகள். தமிழ்த் தட்டச்சில் புள்ளி விசையை அழுத்தினால் பொறி அடுத்த எழுத்துக்கு நகராது, அப்படியே நிற்கும். அந்தப் புள்ளியை ஒவ்வோர் இடத்திலும் தாள் கிழியும்வரை அடித்திருக்கிறார், மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக. அந்தக் காலத்தில் ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி பட்டால் ஓலை கிழியும் என்று. இவர் ஓலைக்கு மறுக்கப்பட்ட புள்ளிகளைத் தாளுக்குக் கொடுத்து, தாளையும் கிழித்திருக்கிறார். பின்னால் கறுப்பு அட்டை வைத்து எடுத்தபோதுதான் ஸ்கேனில் கவிதை வந்தது. அம்மா தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எனக்குத் தொண்டை அடைத்தது.

யூனிகோடில் அடித்து இணையத்தில் போட்டால் போதாதா என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. கட்டுரைக்குப் போதும். இதற்குப் போதாது. ‘ஓலை’ என்று அடித்தால் ஓலை என்றுதான் வரும்.

கடைசி வாரம் ஒரு தாள் மிஞ்சியது. எழுத்தே இல்லை. வலது மேல் மூலையில் ஒரு பழுப்பு வட்டம். அடியில் அவருடைய கையெழுத்தும் திகதியும். அதற்குக் கடிதம் எதுவும் இல்லை.

“தேத்தண்ணிக் கோப்பை வைச்சிருப்பார்” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆனா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, பிள்ளை.”

பட்டியலில் பென்சிலால் இப்படி எழுதினேன்: ‘ஒரு தாள். வட்டக் கறை, வலது மேல் மூலை. கையெழுத்து உண்டு. துடைக்கவில்லை.’ கவிதைகள் உள்ள கோப்பில் வைத்தேன்.