கோயில் கணினியில் காவடிப் படங்கள்

இன்று ரோஸ்ஹில்லில் ஒரு கோயில் அலுவலகக் கணினி. காவடிப் படங்கள் அத்தனையும் ஒரே ஃபோல்டரில், கேமரா கொடுத்த எண்ணோடு. தம்பி ஒருவர் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பாடே வேண்டாம்.

முதலில் ‘எடுத்த தேதி’ப்படி வரிசைப்படுத்துங்கள். கன்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்2. பெயரை அடித்து என்டர். விண்டோஸ் தானே 1, 2, 3 என்று எண் போட்டுவிடும். தப்பாகிவிட்டதா? உடனே கன்ட்ரோல்+இசட்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களை முன்னாடியே பிரித்து வையுங்கள். அவற்றில் எடுத்த தேதி பெரும்பாலும் அழிந்திருக்கும், வரிசை குலைந்துவிடும்.

ஃபோல்டர் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ‘2025-02-11 காவடி’. மொரீஷியஸில் நாம் எழுதும் 11/02/2025 இங்கே ஆகாது. சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. புள்ளி வைத்து எழுதினாலும் எல்லா ஆண்டின் 11ஆம் தேதிகளும் ஓரிடத்தில் குவியும்.

தமிழிலேயே பெயர் வையுங்கள், அது நம் கோயில் ஆவணம். நீளத்தை மட்டும் கவனியுங்கள்.

‘தைப்பூசம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது. கொம்பும் சுழியும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் கணக்கு. டிரைவ் எழுத்து தொடங்கிக் கோப்பின் பெயர் வரை மொத்தமாக வழக்கமான வரம்பு 260. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கிக்கொண்டே போனால், நகலெடுக்கும்போது பெயர் நீளம் என்று பாதியில் நின்றுவிடும். படம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்குங்கள், மறுபடி நகலெடுங்கள், எல்லாம் நகலாகிவிடும்.