கார் டென்ட் வேறு, முதுகில் சுமக்கும் டென்ட் வேறு

காரில் போகும் கேம்பிங்குக்கு வாங்கிய டென்ட்டையே பேக்பேக்கிங்குக்கும் (எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடக்கும் பயணம்) எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தயவுசெய்து. நாலு பேர் படுக்கும் டென்ட் 5 கிலோவைக்கூடத் தாண்டலாம். கார் டிக்கியில் அது ஒரு பாரமே இல்லை. மலையேற்றத்தில் முட்டியைப் பதம் பார்த்துவிடும். இருவருக்கு 2 கிலோ அளவில் தேடுங்கள். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் (3 லிட்டர் தண்ணீரே 3 கிலோ!).

முதுகுப் பையை அடுக்கும்போது கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில், ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) அடியில். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்குங்கள், பிறகுதான் தோள் வார். மாற்றிச் செய்தால் பாரம் முழுக்கத் தோளில் தொங்கும்.

எடைக்குப் பயந்து தரைப்பாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். உடம்புக்கு அடியில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்கிவிடுவதால், குளிர் தரையிலிருந்தே ஏறும்.