உதயகிரிக் கோட்டையிலிருந்து வடக்கன்குளம் வரை

புனித தேவசகாயத்தின் திருத்தலங்களைத் தரிசிக்கச் செல்பவர்களில் பலர், அவர் சுட்டுக் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்கே முதலில் செல்கிறார்கள். நாங்களோ தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியிலிருந்து புறப்பட்டோம். அவருக்குக் கிறிஸ்துவை அறிவித்த டிலனாயின் கல்லறை அங்குள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருப்பதே அதற்குக் காரணம்.

டச்சுப் படைத்தலைவரான டிலனாய் 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் நம்பிக்கையைப் பெற்று, அவருடைய படைக்கே பயிற்சியளித்தவர். 1777-இல் இறக்கும்வரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். இடிந்து நிற்கும் சிற்றாலயத்துக்குள் லத்தீனும் தமிழும் பொறித்த கல் அவர் கல்லறையை மூடியிருக்கிறது.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, அரண்மனைப் பணியிலிருந்த நீலகண்டன், குடும்பத்தில் அடுக்கடுக்காக நேர்ந்த இழப்புகளால் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு, அடுக்கடுக்கான இழப்புகளிலும் இறைநம்பிக்கையைக் கைவிடாத விவிலிய மாந்தர் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமான அவர், 1749-இல் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடிபட்ட புண்களில் மிளகாய்ப்பொடியைத் தூவினர். தாகத்தால் துடித்த அவர் இறைவனை வேண்டி முழங்கையால் இடித்தபோது பாறையில் நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அந்தச் சிறு குழியிலிருந்து எடுத்துத் தந்த நீரை நாங்களும் பருகினோம்.

அந்நிய நாட்டுத் தளபதியின் விசுவாசத்தைப் பொறுத்துக்கொண்ட அதே அரசு, அதே விசுவாசத்தைத் தன் சொந்தக் குடிமகன் ஏற்றபோது ஏன் இவ்வளவு கொடூரமாக நடந்துகொண்டது? அவர்மேல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது உண்மைதான். ஆனால் உயர்குடியில் பிறந்தவர் தாழ்த்தப்பட்டோருடன் சமமாகப் பழகியதே அரண்மனையாரை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்த இடத்தில் சற்றே நின்று செபித்துவிட்டு, காற்றாடிமலைக்குச் சென்றோம். 1752 சனவரி 14 அன்று அங்கே அவர் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைக் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்து, நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் ஆலயத்தின் பீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்தனர். 2012 திசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்ட அவரே இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். குருவோ துறவியோ அல்லாத, மணமான ஒருவரின் கல்லறைமுன் குடும்பம் குடும்பமாக முழந்தாளிட்டிருந்தவர்களைக் கண்டபோது, அந்தச் சிறப்பின் பொருள் விளங்கியது.

கோட்டாற்றோடு திரும்பிவிடாமல் வடக்கன்குளத்துக்கும் செல்வது நல்லது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் மட்டுமன்று அது. பார்கவியாக இருந்து, கணவர் வழியே ஞானப்பூ என்னும் பெயரேற்ற அவருடைய மனைவி, அவரது மரணத்துக்குப்பின் அங்கேயே வாழ்ந்து இறந்தார். மறைசாட்சியின் துன்பத்தில் பங்கேற்ற அந்த அம்மையாருக்காகவும் அங்கே ஒரு செபமாலை சொன்னோம்.