படகுக்கு எந்த ஆயில்? சில வார நாட்குறிப்பு

மார்ச் 2

நான்கு மாதம் கரையில் நின்ற படகை இன்று திறந்தேன். முதல் வேலையாக அவுட்போர்டின் (படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்) டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவிப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. குறைந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நான் ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும்?

எஞ்சின் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும். அதனால் நேராக இறக்கி நிறுத்தி, ஒரு மணி நேரம் விட்டு, கம்பியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். அதே அளவுதான். விரலில் தொட்டு முகர்ந்தபோது பெட்ரோல் வாடை பளிச்சென்று அடித்தது. போன பருவத்தில் நான் ஊற்றியது கார்களுக்கான ஃபுல் சிந்தெடிக், 5டபிள்யூ-30 கிரேடு (முதல் எண் குளிரில், இரண்டாவது சூட்டில் ஆயில் எவ்வளவு திக் என்று சொல்லும்). இருந்ததிலேயே விலை கூடியது அதுதான். எஞ்சினுக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் ஊற்றினேன்.

சிந்தெடிக்கா, கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்தெடுக்கும் மினரலா? இந்த முறை விஷயம் தெரிந்த பிறகுதான் ஊற்றுவேன். அதுவரை சாவியைத் தொடப் போவதில்லை. படிப்பதையும் கேட்பதையும் அன்றன்றைக்கு இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3

எஞ்சினோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வாங்கிய நாளிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஆயில் பற்றிய பகுதியில் சிந்தெடிக் என்ற சொல்லே இல்லை. மினரல் என்றும் இல்லை. அதில் இருப்பது மூன்று விஷயங்கள்தான்: எஃப்சி-டபிள்யூ முத்திரை வேண்டும், கிரேடு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40, 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது எஞ்சினாக இருந்தால் முதல் மாற்றம் 20 மணி நேரத்தில்.

எஃப்சி-டபிள்யூ என்பது அமெரிக்கப் படகுத் தயாரிப்பாளர்களின் சங்கமான என்.எம்.எம்.ஏ. தரும் சான்று. தண்ணீரால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்களுக்கானது. துருப் பிடிக்காமல் காக்கிறதா, தண்ணீர் கலந்தால் கெட்டியாகி ஃபில்டரை அடைக்கிறதா, நுரைக்கிறதா, ஓடி ஓடிப் பாகுநிலை (ஆயிலின் திக்) குறைந்துவிடுகிறதா என்றெல்லாம் சோதித்த பிறகே முத்திரை கிடைக்கும். நான் ஊற்றிய கார் ஆயில் டப்பாவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த முத்திரை அதில் இல்லை. கார் ஆயில் கெட்ட ஆயில் என்று இதற்கு அர்த்தமில்லை. அது எரிபொருள் சிக்கனத்தையும் புகையைச் சுத்தமாக்கும் புகைக்குழாய் கேட்டலிஸ்ட்டின் ஆயுளையும் மனதில் வைத்துச் செய்தது. மாதக்கணக்கில் உப்புக் காற்றில் சும்மா நிற்கும் இரும்பு அதன் கணக்கில் இல்லை.

மார்ச் 5

இன்று முழுக்க 'சிந்தெடிக்' என்ற சொல்லின் பின்னால் போனேன்.

டப்பாவுக்குள் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய். மிச்சம், அதில் கலக்கும் சேர்மானங்கள். அடிப்படை எண்ணெயை ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, கச்சா எண்ணெயைக் கரைப்பான் கொண்டு சுத்தம் செய்யும் பழைய முறை. இரண்டாவது, ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்திக் கந்தகத்தையும் பிற அழுக்கையும் நீக்கியது. மூன்றாவதும் அதே வழிதான், ஆனால் இன்னும் கடுமையாக. பாகுநிலைக் குறியீடு 120ஐத் தொட்டால்தான் இந்த வகையில் சேரும். முதல் இரண்டுக்கும் 80 போதும். இந்தக் குறியீடு கூடக் கூட, சூட்டில் எண்ணெய் இளகுவதும் குளிரில் இறுகுவதும் குறையும். நான்காவது பிஏஓ என்ற செயற்கை எண்ணெய், வாயுவிலிருந்து மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டியது. எஸ்டர் போன்ற மற்றதெல்லாம் ஐந்தாவது.

சிந்தெடிக் என்றால் நான்காவதும் ஐந்தாவதும்தான் என்று நினைத்திருந்தேன். மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மேல் இதே விஷயமாகப் புகார் கொடுத்தது. விசாரித்த அமெரிக்க விளம்பர ஆய்வு அமைப்பு, 1999இல், மூன்றாம் வகையையும் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று முடிவு சொன்னது. ஆக, நிலத்தடியிலிருந்து வந்த கச்சா எண்ணெயே நன்றாகச் சுத்தமாகி அந்தப் பெயரோடு வரலாம். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் வகை உண்மையிலேயே நல்ல எண்ணெய். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட அந்த ஒரு சொல், உள்ளே என்ன இருக்கிறது என்பதை முழுசாகச் சொல்லாது.

மார்ச் 8

மெக்கானிக் அண்ணன் வந்தார். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி ஆயிலைப் பற்றியது இல்லை. "தம்பி, போன பருவத்துல ரொம்ப மெதுவாத்தானே ஓட்டினீங்க?"

ஆமாம். தூண்டில் இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக மிதவேகத்தில் போவதுதான் எங்கள் வழக்கம்.

அவர் சொன்னதை என் புரிதலில் எழுதுகிறேன். கார் எஞ்சின் 80, 90 டிகிரி செல்சியஸில் ஓடும். கடல் நீரை நேராக இழுத்துக் குளிரும் அவுட்போர்டுகள் பலவற்றில், சூடேறியதும் குளிர்நீரை ஓடவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரியிலேயே திறந்துவிடும். அதற்குமேல் சூடாக விட்டால் கடல் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் நீர்வழிகளில் ஓடாகப் படிந்து அடைத்துவிடும். அதற்காகவே குளிர்ச்சியாக ஓட விடுகிறார்கள். அதன் விலையை ஆயில் கொடுக்கிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் ஈரமாக ஒட்டி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள் இறங்குகிறது. எரியும்போது உண்டாகும் நீராவியும் கூடவே இறங்கிக் குளிர்ந்து தண்ணீராகிறது. கார் ஆயில் நீண்ட ஓட்டத்தில் நன்றாகச் சூடேறி இரண்டையும் ஆவியாக வெளியே தள்ளிவிடும். இங்கே அந்தச் சூடு கிடைப்பதில்லை, இரண்டும் தங்கிவிடுகின்றன.

"சிந்தெடிக் ஊத்தினா பெட்ரோல் இறங்காதா அண்ணே?"

"ஆயிலுக்கு அது எப்படித் தெரியும்? எது ஊத்தினாலும் இறங்கும்."

அப்புறம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். வால்வு முழுசாக மூடவில்லை. இருக்கையில் உப்புச் செதில் ஒன்று சிக்கி, எப்போதும் கொஞ்சம் திறந்தபடியே வைத்திருந்தது. ஏற்கெனவே குளிர்ச்சியாக ஓடும் எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாக ஓடியிருக்கிறது. அந்தச் செதிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பருவம் முழுக்க என் ஆயிலில் பெட்ரோலைக் கலந்தது இத்தனூண்டு துண்டு.

மார்ச் 9

டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப் பம்பில் கொஞ்சம் பழைய ஆயிலை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினேன். மிச்சத்தில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாட்டிக்கொண்டு. தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். சத்தமே இல்லை. ஆயில் நிறமும் பால் போல மாறவில்லை. அந்த மட்டுக்கும் நிம்மதி.

மார்ச் 14

மாமாவின் படகுக்குப் போனேன். உள்ளே டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் விசிறி) இல்லாத பழைய டீசல் எஞ்சின். அவர் முதல் நாளிலிருந்து 15டபிள்யூ-40 மினரல் ஆயில்தான் ஊற்றுகிறார், மணிக்கணக்கை நோட்டில் குறித்து வைத்து மாற்றுகிறார். "சிந்தெடிக் ஊத்தினா சீல் எல்லாம் ஒழுகும்டா" என்றார்.

அவர் பயம் காரணமில்லாததில்லை. பிஏஓ ரப்பர் சீல்களைச் சற்றுச் சுருக்கும், எஸ்டர் உப்ப வைக்கும். தொடக்ககால சிந்தெடிக்குகளில் இந்தக் கணக்கு சரிவராமல் ஒழுகல் வந்திருக்கிறது. இப்போது இரண்டையும் அளவாகக் கலந்து சரிக்கட்டிவிடுகிறார்கள். எஞ்சின் ஆயிலில் சிந்தெடிக்கையும் மினரலையும் கலந்தாலும் திரியாது. அவசரத்துக்கு ஊற்றலாம்.

ஆனால் மாமாவிடம் மாற்றச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. டர்போ இருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். எஞ்சினை அணைத்த பிறகும் டர்போ தண்டு நெருப்பாய்க் கொதிக்கும். அங்கே நிற்கும் ஆயில் கருகிக் கரியாவதை சிந்தெடிக் நன்றாகத் தாங்கும். உறைகிற குளிரில் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தாலும் சொல்லியிருப்பேன். மினரல் இறுகி நிற்கும் குளிரில் சிந்தெடிக் உடனே மேலே ஏறி பேரிங்கை நனைக்கும். முழு வேகத்தில் மணிக்கணக்காக உழைக்கும் எஞ்சினுக்கும் அதுதான். ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவது அதில் மெதுவாக நடக்கும், ஆவியாகிக் குறைவதும் கம்மி. மாமாவின் எஞ்சின் இந்த எதிலும் சேராது.

அவரிடம் வேறு ஒன்றைச் சொன்னேன். நங்கூரம் போட்டுவிட்டு, பேட்டரி சார்ஜ் ஆவதற்காக மட்டும் எஞ்சினை ஐட்லிங்கில் விடுகிறார். சுமை இல்லாமல் ஓடும் டீசலில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரை இறுக்கிப் பிடிக்காது. ஆயில் சுவரிலேயே வெந்து கண்ணாடி போலப் படியும். பிறகு ஆயிலைக் குடிக்கும், புகை கக்கும். இதை எந்த ஆயிலாலும் தடுக்க முடியாது. வாரம் ஒருமுறையாவது நல்ல சுமையில் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். மாமா யோசித்துவிட்டு, "சரி, ஒரு சுத்து சுத்தி வந்துட்டே சார்ஜ் போடறேன்" என்றார். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மார்ச் 17

மாமாவிடம் ஒரு பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டும் கிடக்கிறது. அதற்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்துபோகும், அதனால் கேள்வியே வேறு. வேண்டியது டிசி-டபிள்யூ3 முத்திரை. சாம்பல் விடாத ஆயில் என்று அர்த்தம். பைக்குக்கான இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலில் சாம்பல் விடும் சேர்மானம் இருக்கலாம். அது தண்ணீரில் குளிரும் எஞ்சினில் பிளக்கிலும் பிஸ்டனிலும் படியும். இங்கே சிந்தெடிக் கலந்தது புகை குறைவாக விடும், அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மார்ச் 21

ஆய்வு முடிவு வந்தது. எரிபொருள் 4 சதவீதம். 100 டிகிரியில் பாகுநிலை 8.6. கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் கணக்கில் 30 கிரேடு என்று சொல்ல 9.3 முதல் 12.5க்குள் இருக்க வேண்டும். நான் 30 ஊற்றினேன், எஞ்சின் ஓடியது 20இல். சோடியம் இல்லாத மாதிரிதான், ஆக கடல் நீர் உள்ளே வரவில்லை. இரும்பு கொஞ்சம் இருக்கிறது. முந்தைய ஆய்வு எதுவும் இல்லாததால் அது கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது. இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று அனுப்புவேன்.

ஒன்றை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. சிந்தெடிக்தானே, இரண்டு வருடம் தாங்கும் என்று இந்த ஆண்டு மாற்றாமல் விட நினைத்திருந்தேன். அடிப்படை எண்ணெய் தாங்கியிருக்கலாம். அதில் கலந்த பெட்ரோலும் அமிலமும் எங்கே போகும்?

மார்ச் 23

முடிவு செய்தாயிற்று. அவுட்போர்டுக்கு எஃப்சி-டபிள்யூ முத்திரையுள்ள 10டபிள்யூ-40, பாதி சிந்தெடிக். முழு மினரலே இந்த எஞ்சினுக்குப் போதும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாதி சிந்தெடிக்கை எடுத்தது, கையேடு சொன்ன முத்திரையும் கிரேடும் அதில் சேர்ந்து கிடைத்ததால். 30ஐ விட்டு 40 எடுத்தது, கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் திக் மிச்சம் இருக்கட்டும் என்று.

புது தெர்மோஸ்டாட் போட்டு, குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். சூடாக இருந்தால்தான் அழுக்கும் சேர்ந்து வரும். ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் அடைத்து வைத்தேன், சேகரிக்கிறவர்களிடம் கொடுக்க. ஒரு சொட்டும் தண்ணீரில் விழவில்லை.

கீழே கியர் ஆயிலையும் இறக்கிப் பார்த்தேன். பால் நிறம் இல்லை, தெளிவாக இருந்தது. திருகுகளுக்குப் புது வாஷர் போட்டு மூடினேன்.

இனி ஆயில் மாற்றுவது பருவம் முடிந்து படகை நிறுத்தும்போதே. இத்தனை வருடம் பருவம் தொடங்கும்போது மாற்றி வந்தேன். அப்படியென்றால் அழுக்கு ஆயிலும் அதன் அமிலமும் நான்கு மாதம் பேரிங்கின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

ஏப்ரல் 6

ஒன்பது மணி நேரம் ஓடியாயிற்று. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது கடைசிப் பதினைந்து நிமிடம் வேகமாக ஓட்டுகிறேன், ஆயில் சூடேறட்டும் என்று. இன்று கரைக்கு வந்ததும் நேராக இறக்கி, ஒரு மணி நேரம் விட்டு டிப்ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் மேல்கோட்டிலேயே, வைத்த இடத்தில் நிற்கிறது. முகர்ந்தேன். வெறும் ஆயில் வாடைதான்.

மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதினேன்: '10டபிள்யூ-40, மார்ச் 23.' அதன் கீழே '9 மணி'.