ஒற்றை இழை

டர்பன், 2020

மார்ச் 27
நள்ளிரவோடு ஊர் அடங்கிவிட்டது. விடியலில் ஹடீடாப் பறவைகளின் அலறல் மட்டும்.

மார்ச் 29
கடல் ஈரம் கோல மாவைக் கெடுக்கிறது. விரலிடுக்கில் கட்டியாக நின்று, பொத்தென்று விழுகிறது. வெறும் வாணலியில் நிறம் மாறாமல் ஐந்து நிமிடம் வறுத்து, ஆறவைத்துச் சலித்தால் சரி. நைஸ் மாவு விரலில் ஒட்டும். சற்றே குறுகுறுப்பாக இருந்தால்தான் இழை நழுவி இறங்கும்.

ஏப்ரல் 2
3×3 புள்ளி. மூன்று இழை. ஒன்றாகவே வரவில்லை.

ஏப்ரல் 5
கை தப்பவில்லை, கணக்கே அப்படித்தான். அடுத்தடுத்த புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நடுவே இழை ஒருமுறை வெட்டிப்போகும் சிக்குக் கோலத்தில், நிரைக்கும் நிரலுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ அத்தனை இழை. 3×3க்கு மூன்று. 4×6க்கு இரண்டு. 3×4க்கு ஒன்றேதான். வெட்டுகளை எண்ணிச் சரிபார்க்கலாம்: 3×4க்கு 17. பதினாறுதான் வந்தால் எங்கோ வெட்டாமல் வளைத்திருக்கிறோம். இழை இரண்டாகப் பிரிந்திருக்கலாம். பெரும்பாலும் ஓரத்தில்தான் தப்பும், அங்கே திரும்பும் அவசரத்தில்.

17 எண்ணி முடிக்கும்வரை வேறெந்த எண்ணிக்கையும் தலையில் ஓடவில்லை.

ஏப்ரல் 9
ஊரடங்கு இன்னும் இரண்டு வாரம் நீட்டிப்பு.

ஏப்ரல் 10
புனித வெள்ளி. மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோவிலில் திருவிழா நாள், ஆனால் அந்தப் பக்கம் இன்று கூட்டமில்லை. நெஞ்சு அடைக்கிறது. கோலம் போடவில்லை.

ஏப்ரல் 14
சார்வரி ஆண்டு பிறந்தது. இன்று மாக்கோலம். ஒரு கப் பச்சரிசி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முக்கால் கப் தண்ணீர்விட்டு மையாக அரைத்தது. துணித்துண்டை முக்கி, உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியே இழுக்க வேண்டும். போடும்போது மங்கலாகத் தெரியும். பயந்து மேலே மேலே இழைக்கக் கூடாது. காய்ந்ததும் வெள்ளை தானே எழும். தண்ணீர் கூடினால் இழை பரவும், குறைந்தால் காய்ந்து உதிரும். எவ்வளவு அழகு, இந்த எழும்புதல்!

ஏப்ரல் 21
மைனாக்கள் ஒரு மூலையைக் கொத்திவிட்டன. மீதி எறும்புக்கு. அதற்குத்தானே அரிசி மாவு.

ஏப்ரல் 26
3×3ஐ ஒன்றாக்க வழி உண்டு. வெவ்வேறு இரண்டு இழைகள் வெட்டும் இடத்தில், வெட்டாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பினால் அவை ஒன்றாகிவிடும். இப்படி இரண்டு இடம் போதும். ஒரே இழை தன்னைத்தானே வெட்டும் இடத்தில் செய்தால் உடைந்துபோகலாம்.

மே 1
காலை ஆறு முதல் ஒன்பது வரை நடக்கலாமாம். ஆறேகாலுக்கு மேல்தான் விடிகிறது. கோலம் முடியட்டும்.

மே 3
அரிசி குறைகிறது. நாளை 5×8. 67 வெட்டு.