கிளிநொச்சியில் வேலை, கொழும்பில் கலாநிதிப் படிப்பு

கிளிநொச்சியில் அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே, தலைமைத்துவமும் நிறுவன மாற்றமும் என்ற துறையில் பகுதிநேரமாகக் கலாநிதிப் பட்டம் (பிஎச்டி) முடித்தேன். அதற்குப் பிறகு வன்னியிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவது, "மிஸ், எந்த யூனிவர்சிற்றி நல்லம்?" என்றுதான். எதை ஆராயப் போகிறீர்கள், நீங்கள் எழுதுவதை உட்கார்ந்து வாசித்துத் திருத்தப்போகிற பேராசிரியர் யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டும் சரிவந்தால் பல்கலைக்கழகத்தைத் தேடுவது பெரிய வேலையில்லை.

ஆனாலும் ஒரு விசயம். முகநூலைத் திறந்தால் 'உலகளாவிய தலைமைத்துவத்தில் கலாநிதி, குறுகிய காலம், வீட்டிலிருந்தே' என்று விளம்பரங்கள் வரிசையாக வரும். இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அது பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினதோ சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தினதோ பட்டியலில் இருக்கிறதா என்று நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். காசு கட்ட முன் நீங்களும் பாருங்கள். பதவி உயர்வை மனதில் வைத்துப் படிக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான் முதலில் முதுதத்துவமாணிக்கு (எம்ஃபில்) பதிந்து, இடையில் ஒரு மதிப்பீட்டில் தேறி, கலாநிதிக்கு மாறினேன். வேலையோடு படிக்கிறவர்களுக்கு இந்த வழி நல்லது என்பது என் எண்ணம். இடையில் குடும்பத்தில் ஏதும் நடந்து நிறுத்த வேண்டி வந்தால், முதுதத்துவமாணியோடாவது வெளியே வரலாம்.

முன்மொழிவு எழுதும்போது மேற்பார்வையாளர் செய்தது ஒரே வேலை: வெட்டியது. 'போருக்குப் பிந்திய வடக்கில் தலைமைத்துவம்' என்று கொண்டுபோன தலைப்பு முதலில் வன்னிக்குச் சுருங்கியது, பிறகு கூட்டுறவுத்துறைக்கு, கடைசியில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சில பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எப்படித் திரும்ப இயங்கத் தொடங்கின என்ற ஒரே கேள்விக்கு வந்து நின்றது. படிப்பை முடித்ததற்கு ஒரே காரணம் சொல்லு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சனி, ஞாயிறில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பதில் தேடக்கூடிய அளவுக்குக் கேள்வி சிறிதாக இருந்தது.

கூட்டுறவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911இலேயே வந்துவிட்டது. வன்னியில் சங்கம் என்பது வெறும் கடை இல்லை. போர்க்காலத்தில் நிவாரண அரிசியும் மாவும் சனத்தின் கைக்கு வந்தது பெரும்பாலும் சங்கக் கிளைகளுக்கூடாகத்தான். அங்கத்தவர் தெரிவுசெய்யும் இயக்குநர் சபை ஒரு பக்கம், மாகாணக் கூட்டுறவுத் திணைக்களம் இன்னொரு பக்கம், நடுவில் பொது முகாமையாளர். யார் தலைவர் என்று கேட்டால் மூன்று பதில் வரும்.

கோட்பாடு வாசிக்கத் தொடங்கியதும் வந்தது முதல் சிக்கல். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 'குளோப்' ஆய்வு, நாட்டுக்கு நாடு பண்பாடும் தலைமைத்துவமும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்பது, ராபர்ட் ஹவுஸ் தொடங்கியது, 62 சமூகங்களில் ஏறத்தாழ 17,000 முகாமையாளர்களிடம் எடுத்த தரவு. அதில் தென்னாசியத் தொகுதி இருக்கிறது. இந்தியா இருக்கிறது, ஈரான்கூட அதற்குள்தான் வருகிறது. இலங்கை இல்லை. கருத்தரங்கு ஒன்றில் "இந்தியாவின் தரவை எடுத்துக்கொள்ளலாமே" என்று ஒருவர் சொன்னார். டெல்லி வங்கி முகாமையாளரின் விடையை வைத்து வன்னியின் மல்லாவிச் சங்கத்தை நான் எப்படி விளக்குவது?

அடுத்தது மாற்றம் பற்றிய மாதிரிகள். கேர்ட் லெவினின் பெயரில் சொல்லப்படும் மூன்று கட்டங்கள்: உறைந்ததை உருக்கு, மாற்று, திரும்ப உறையவை. ஜோன் கொட்டர் 1995இல் எழுதிய எட்டுப் படிகளில் முதலாவது, அவசர உணர்வை உண்டாக்குவது. போர் முடிந்த 2009இன் வன்னிக்கு இதை யார் போய்ச் சொல்வது? இந்த மாதிரிகளெல்லாம் நிறுவனம் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது, தலைவர் வந்து அதை நகர்த்துகிறார் என்று எடுத்துக்கொள்கின்றன. நான் சந்தித்தவர்கள் சொன்னதோ, சனத்தோடு சேர்ந்து கிளிநொச்சியிலிருந்து கிழக்கே போன சங்கங்களின் கதை. களஞ்சியம் போனது, லொறி போனது, பேரேடு போனது. அங்கத்தவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தார்கள். கட்டடமும் ஆவணமும் இல்லாத காலத்தில் சங்கம் எங்கே இருந்தது என்பதே எனக்குக் கேள்வியாகிவிட்டது.

இந்த இடத்தில் கைகொடுத்தவை இரண்டு கட்டுரைகள். வைக், குவின் இருவரும் 1999இல் இடையிடையே வரும் மாற்றத்தையும் ஓயாமல் நடக்கும் மாற்றத்தையும் பிரித்துக் காட்டினார்கள். சூக்காஸ், சியா இருவரும் 2002இல் இன்னும் ஒருபடி மேலே போய், மாற்றம்தான் இயல்பு, அதற்குள்ளிருந்துதான் நிறுவனமே உருவாகிறது என்று வாதிட்டார்கள். மேற்கத்தையக் கோட்பாடு எல்லாம் எங்களுக்குப் பொருந்தாது என்று கைகழுவிவிடுவது சுலபம். தேடினால் பொருந்துவதும் இருக்கிறது.

களவேலை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். முதலில் திட்டமிட்டது வினாக்கொத்து. தலைமைத்துவத்தை அளக்க பாஸ், அவோலியோ இருவரும் உருவாக்கிய 45 கூற்றுகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும், காசும் கட்ட வேண்டும். முன்னோட்டமாக அதுபோன்ற ஒரு சிறிய தாளைக் கொடுத்துப் பார்த்தோம். எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'முற்றாக உடன்படுகிறேன்' என்று போட்டுத் தந்தார்கள். மீள்குடியேறிய நாளிலிருந்து எத்தனையோ நிறுவனங்களின் படிவத்தை நிரப்பிய சனம் அது. நல்லதாகப் போட்டால்தான் ஏதாவது கிடைக்கும் என்பது அனுபவத்தில் வந்த அறிவு. வட்டக்கச்சிப் பக்கத்தில் ஒரு ஐயா நேராகவே கேட்டார்: "பிள்ளை, இது வீட்டுத்திட்டமோ, வாழ்வாதாரமோ?" ரெண்டும் இல்லை, என்னுடைய படிப்புக்கு என்றேன். "அப்ப இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றார். வினாக்கொத்தைக் கைவிட்டு நீண்ட நேர்காணலுக்கு மாறியதும் அதற்குப் பிறகுதான்.

ஒப்புதல் படிவம் இன்னொரு தலையிடி. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு கையொப்பம் கேட்கும். இங்கே பெயரெழுதிக் கையெழுத்து வைப்பதென்றால் பலருக்கு நெஞ்சு திடுக்கிடும். யாருக்குக் கொடுப்பீர்கள், எங்கே வைப்பீர்கள், நாளைக்கு யாராவது வந்து விசாரிப்பார்களோ? எல்லாம் நியாயமான கேள்விகள். வாய்மொழி ஒப்புதலே போதும் என்று காரணம் காட்டி எழுதினோம்; திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். ஒலிப்பதிவு வேண்டாம் என்றவர்களிடம் குறிப்புத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அன்றிரவே விரித்து எழுதாவிட்டால் அடுத்த நாள் பாதி போய்விடும். போரில் சங்க ஆவணங்கள் அழிந்துபோன இடங்களில், 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளத்தில் கிடைக்கும் பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் வைத்துத்தான் ஆண்டுகளைச் சரிபார்த்தேன்.

இடையில் கொரோனா வந்தது. அது முடிய 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எரிபொருள் பங்கீட்டுக்குத் தந்த கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். அதில் அலுவலகமும் போக வேண்டும், களவேலைக்குத் துணுக்காயும் போக வேண்டும். அந்த மாதங்களில் எழுத்து வேலை மட்டும்தான் நடந்தது. மின்வெட்டு நேரத்தில் அச்சடித்த கட்டுரைகளை வாசித்தேன். மேற்கோள்களை ஒழுங்குபடுத்த சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் போதும். அதை முதல் நாளே பழகிவிடுங்கள்.

ஆய்வில் என்ன கண்டேன் என்று கேட்பவர்களுக்கு: சில இடங்களில் சங்கம் திரும்ப எழுந்ததற்குத் தலைவரின் தூரநோக்கைவிட, ஒரு கிளை முகாமையாளரோ கணக்கெழுதுபவரோ அங்கத்தவர் இடாப்பைப் பைக்குள் வைத்துக் காப்பாற்றியதோ, யார் எவ்வளவு பங்குப்பணம் கட்டினார் என்று மனதில் வைத்திருந்ததோ முக்கியமாக இருந்தது. பழைய பங்கை ஏற்றுக்கொண்ட சங்கத்துக்குச் சனம் திரும்பி வந்தது. தலைமைத்துவப் பாடநூல்கள் இப்படிப்பட்ட ஆளைக் 'கீழ்நிலைப் பணியாளர்' என்று தாண்டிப் போய்விடும்.

வாய்மொழிப் பரீட்சையில் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது: "சில சங்கங்களை வைத்து எப்படிப் பொதுவாகச் சொல்வீர்கள்?" சிலவற்றை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்க்கும் விடய ஆய்வுகளைப் பற்றி (case study) ராபர்ட் யின் சொல்வதைச் சொன்னேன். இது மக்கள்தொகைக்கு நீட்டும் பொதுமைப்படுத்தல் இல்லை, கோட்பாட்டுக்கு நீட்டுவது. பரீட்சகர் விடவில்லை, வேறெந்தச் சூழலுக்கு இது பொருந்தாது என்று ஒரு பகுதி எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஆய்விலேயே உருப்படியான பக்கங்கள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டம் கிடைத்தபின் சில பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி, இடம் தந்த சங்கங்களுக்குக் கொடுத்தேன். ஒரு சங்கத்தில் அதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தார்களாம். இடாப்பை ஸ்கான் பண்ணி வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வைக்க வேண்டும் என்று ஒரு அங்கத்தவர் பிரேரித்திருக்கிறார். ஸ்கானருக்கு எந்தக் கணக்கிலிருந்து காசு எடுப்பது என்பதில் கூட்டம் பின்னேரம் வரை இழுபட்டது.