குருத்தோலைக்குப் பனைதான் சரி

2025 ஏப்ரல் காலண்டரை யாரோ எனக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது. 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம், 13ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு, 14ஆம் தேதி திங்கள் சித்திரை விசு. வியாழக்கிழமை சென்னையில் ரயிலேறினால் மூன்றையும் பார்த்துவிட்டுத் திங்கள் ராத்திரி திரும்பிவிடலாம். உத்திரத்துக்கு வராமல் இருக்க முடியாது, எங்கள் சாஸ்தா கோயில் குளத்தங்கரையில் பொங்கல் பானைக்கு முன்னால் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவில்லையென்றால் அம்மா அடுத்த உத்திரம் வரைக்கும் சொல்லிக்காட்டுவாள். விசுவுக்கு ஆற்றில் ஒரு முங்கு. நடுவில் கிறிஸ்தவர்கள் ஓலை ஏந்திப் போகிற குருத்தோலை பவனி, அதுதான் நான் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்காதது.

உத்திரமும் குருத்தோலை ஞாயிறும் பக்கத்துப் பக்கத்தில் வருவது தற்செயல் இல்லை. ஈஸ்டருக்குக் கணக்கு, மார்ச் 21ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு குருத்தோலை. பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான். சில வருடம் ஒரு மாதம் விலகிப்போகும், மற்றபடி சாஸ்தா கோயில்காரர்களும் ஊசிக் கோபுரத் தேவாலயத்துக்காரர்களும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். சின்ன வயதில் இது தெரியாமல், எங்கள் வீட்டுப் பொங்கலும் பின்வீட்டு ஓலையும் ஏன் எப்போதும் முழுப்பரீட்சை நேரத்திலேயே வந்து தொலைகின்றன என்று புலம்பியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எங்களுக்குப் பின்வீடு கூட்டாளி வீடு. அவன் இப்போது வெளிநாட்டில். ஆச்சி மட்டும் அப்படியே இருக்கிறாள், எண்பது தாண்டியாயிற்று, காது கொஞ்சம் மந்தம், நாக்கு மந்தமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எட்டிப்பார்த்தேன். "ஏல, வந்தவன் சும்மா நிக்காத, ஒக்காந்து ஈர்க்க உருவு" என்றாள்.

சாயர்புரம் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் பஸ்ஸில் கொடுத்துவிட்ட குருத்து, ஈரச் சாக்கில் சுற்றி வாசலில் கிடந்தது. பனங்குருத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பச்சை இல்லை. வெண்ணெய் நிறம், விரியாத விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் நெருடினால் ஒரு வழுவழுப்பு. ஆச்சி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துக் கிழிக்கிறாள், நடுவில் இருக்கிற ஈர்க்கை நான் உருவவேண்டும், மிஞ்சுவது இரண்டு விரல் அகல நாடா. அதைக் குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று வைத்து, மடித்து, பின்னால் ஒரு சொருகு சொருகி இழுத்தால் சிலுவை. அவள் பத்து முடிப்பதற்குள் நான் ஒன்று முடித்தேன். அதுவும் ஒரு பக்கம் கை நீளம். "இது என்னல, கைகாட்டி மரமா" என்று கேட்டுவிட்டு, பிரித்துத் திரும்பச் செய்யச் சொன்னாள்.

ஆச்சியின் பெரிய குறை தென்னங்குருத்து. இப்போதெல்லாம் கோயிலுக்கு வருகிறதில் பாதிக்கு மேல் தென்னைதான், அது பத்து மணி வெயிலுக்கே துவண்டு தொங்கிவிடும், சிலுவை பின்னினால் நிற்காது என்கிறாள். பனை அப்படியில்லை, காய்ந்தாலும் விறைப்பு போகாது, அதனால்தானே அந்தக் காலத்தில் ஏடு எழுதினான். இயேசு எருசலேமுக்குள் வந்தபோது ஜனங்கள் ஆட்டியது பேரீச்ச ஓலையாகத்தான் இருந்திருக்கும் என்று நான் வாயைக் கொடுத்தேன். "அங்க உள்ளவன் அங்க உள்ளத ஆட்டுனான். நமக்குப் பனை" என்று முடித்துவிட்டாள். ஆச்சி வளர்ந்த ஊர் தேரிக்காட்டு, அதாவது செம்மணல் மேட்டு ஓரம், அவளுடைய அப்பா பனையேறி. வடலியில், அதாவது இளம்பனையில், குருத்து எடுக்கும்போது அடியில் அரிவாள் பட்டுவிடக்கூடாதாம், பனைக்கு இருப்பது ஒரே ஒரு கொண்டை, அது செத்தால் மரமே செத்தது, பக்கத்தில் கிளை வெடிக்கிற சாதியில்லை. மரத்துக்கு ஒரு குருத்துக்கு மேல் அப்பா தொடமாட்டார் என்று சொல்லும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது.

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. எந்தச் சபை என்று சொல்லவேண்டாம், கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன். பாளையங்கோட்டையில் சபைக்கா பஞ்சம்? பாப்பாத்தியம்மாள் கோயில் என்று நம் ஆட்கள் சொல்கிற குளோரிந்தா ஆலயம் 1785இல் வந்தது, முருகன்குறிச்சியில் ஊசிக் கோபுரம் 1826இல். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: இங்கே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள், போதகரை ஐயர் என்பார்கள். சென்னையில் ஒருவரிடம் "எங்க கோயில்ல ஐயர் பிரசங்கம் நீளமா போட்டுட்டார்" என்று கூட்டாளி சொல்லப்போய் அவர் விழித்தது இன்னும் நினைவிருக்கிறது.

நான் போனது வேடிக்கை பார்க்க. ரோட்டோரம் ஒரு டீக்கடை வாசலாகப் பார்த்து நின்றுகொண்டேன். ஆனித் தேரோட்டத்துக்கும் இதுதான் என் பழக்கம், வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிவிடுவேன். இங்கே அது நடக்கவில்லை. தேர் இல்லை, யானை இல்லை, வாணவேடிக்கை இல்லை, பார்ப்பதற்கென்று தனியாக எதுவுமே இல்லை. முன்னால் ஒரு சிலுவை, பின்னால் ஐயர், கொயர், வெள்ளைச் சேலைகள், ஓலையை வாளாக்கிச் சண்டை போடுகிற பையன்கள், அவ்வளவுதான். கையில் ஓலை இல்லாமல் நிற்கிறவன்தான் அங்கே வேடிக்கை. ஆச்சி ஆட்டோவில் போகும்போதே என்னைப் பார்த்துவிட்டாள், ஆட்டோவை நிறுத்தி ஒரு முழுக் குருத்தை வெளியே நீட்டினாள். வாங்கிக்கொண்டு வரிசையில் இறங்கிவிட்டேன்.

இறங்கின பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பாட்டு இல்லை. பாட்டைத்தான் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ கொலை செய்துகொண்டிருந்தது, ஒரு வரி கேட்கும், அடுத்த வரி கொரகொர, "தாவீதின் குமாரனுக்கு" வரைக்கும் வந்து ஓசன்னாவை முழுங்கிவிடும். வருடத்துக்கு ஒருநாள், முந்தினநாள் ஒருதரம் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு திருப்பத்தில் அது சுத்தமாக நின்றுபோனது, ஆட்கள் பாட்டைப் பிடிப்பதற்குள் ஒரு இடைவெளி, அதில் அத்தனை ஓலையும் ஒன்றோடொன்று உரசுகிற சரசரப்பு மட்டும் ரோடு முழுக்கக் கேட்டது. மழைக்கு முந்தின காற்றில் பனங்காட்டுக்குள் நின்றால் கேட்குமே, அது. பனை ஓலைச் சத்தம் கொஞ்சம் காய்ந்தது, தென்னைக்கு அது வராது. ஆச்சி சொன்னதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டவுன் பஸ் ஒன்று ஒதுங்கி நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்ட, ஒரு சிறுமி தன் ஓலையில் ஒரு கீற்றைக் கிழித்துக் கொடுத்தாள், அவர் அதைக் கண்ணாடிப் பக்கம் எலுமிச்சம்பழத்தோடு சொருகிக்கொண்டார். எனக்கு முன்னால் நடந்த இரண்டு பெரியவர்கள் பனைமரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் வந்த அறிவிப்பைப் பற்றி ஆராதனை தொடங்குகிற வரைக்கும் விவாதித்தார்கள். ஏற ஆள் இல்லாத மரத்துக்கு அனுமதி என்னத்துக்கு என்பது ஒருவர் கட்சி. மற்றவர் அதற்குப் பதில் சொல்லாமல் "ஓசன்னா" என்று பலமாகப் பாடினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் பதனி. பங்குனி, சித்திரை அதற்குத்தானே. ஓலைப் பட்டையில் ஊற்றி நுங்கைக் கீறிப் போட்டுக் கொடுத்தார், பட்டையின் மடிப்பு வழியாகக் கொஞ்சம் சட்டையில் வழிந்தது, இரண்டாவது பட்டை வாங்கும்போது கையிலிருந்த குருத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

வீட்டில் அம்மா விசுவுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். நான் செய்த கோணல் சிலுவையை ஆச்சி கடைசியில் என்னிடமே கொடுத்திருந்தாள், அதை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பனைதான?"

"பனைதான்."

சரி என்று காலண்டர் ஆணியில் சொருகிவிட்டு, சட்டையைக் கழற்றிப் போடு, பதனிக் கறை அப்புறம் போகாது என்றாள்.